மாளிகைக்குப் பணம், கொல்லைப்புறத்தில் படுக்கை

கேள்வி: நான் கோவைக்காரன். தை அமாவாசைக்குச் சேதுக்கரையில் தர்ப்பணம் கொடுக்க அப்பா அம்மாவை அழைத்து வந்தேன். இராமநாதபுரம் கடற்கரையோரம் பழைய வணிகர் மாளிகையைப் புதுப்பித்து நடத்தும் சொகுசு ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவு தங்கினோம். அவர்கள் இணையதளத்தில் தேக்குத் தூண் படம் பார்த்து ‘மாளிகை அறை’ இரண்டு போட்டேன். ஓர் அறைக்கு ஓர் இரவு 14,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எனக்கும் மனைவிக்கும் மாளிகையில் அறை. அப்பா அம்மாவுக்கோ பின்னால் புதிதாக எழுப்பிய கான்கிரீட் கட்டடத்தில். கேட்டதற்கு, ‘அறை ஒதுக்கீடு நிர்வாகத்தின் விருப்பம், பணம் திரும்பத் தரப்படாது’ என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். எங்கள் அறைச் சுவர் பொரிந்து கட்டிலில் உதிர்ந்தது. சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் 620 ரூபாய் வேறு. வழக்குப் போடலாமா? கிளம்பும்போது விருந்தினர் புத்தகத்தில் ‘அருமை’ என்று எழுதிவிட்டேன், அதுதான் உறுத்துகிறது.

பதில்: முதலில் சுவரை விட்டுவிடுங்கள். எங்கள் கடற்கரையில் சுண்ணாம்புச் சுவர் உப்புப் பூப்பது நேற்று இன்று வந்ததல்ல. நான் வளர்ந்த வீட்டில் திண்ணைச் சுவரில் சாய்ந்து எழுந்தால் சட்டை முதுகு வெள்ளையாகிவிடும், அம்மா திட்டுவார். புதுப்பித்தவர் சுண்ணாம்பின் மேல் சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளே அடைத்திருக்கலாம்தான். அதை நிரூபிக்கப் பொறியாளர் சாட்சி வேண்டும். பழைய வீடு வேண்டும் என்று கேட்டு வந்தவர் பழைய சுவரைக் குறை சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உங்கள் நல்ல புகாரையும் கெடுக்கும்.

நல்ல புகார் அறைதான். தூணைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டுக் கான்கிரீட்டில் படுக்க வைத்தது சேவைக் குறைபாடு மட்டுமல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் வாதிடலாம். ‘நிர்வாகத்தின் விருப்பம்’ என்ற வரிக்கு அஞ்ச வேண்டாம். ஒரே வகை அறைகளுக்குள் மேல்மாடியா கீழ்த்தளமா என்று முடிவு செய்ய அந்த வரி உதவலாம். விற்ற பொருளையே மாற்றிக் கொடுக்க உதவாது. டெல்லியில் நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் விருந்தினர் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போனது. டோக்கனில் ‘கார் உரிமையாளரே பொறுப்பு’ என்று அச்சிட்டிருந்தும், தன் அலட்சியத்துக்கு ஹோட்டல் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு நுணுக்கம். அந்த நிபந்தனையே ‘நியாயமற்ற ஒப்பந்தம்’, ரத்து செய்யுங்கள் என்று கேட்டால் வழக்கு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விடும். நமக்கு அது வேண்டாம். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே நில்லுங்கள். அதுவும் நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே போடலாம். புதுச் சட்டத்தில் அந்த வசதி இருக்கிறது. இங்கே வக்கீலான எனக்கு ஒரு கேஸ் குறையும், பரவாயில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு.

எவ்வளவு கேட்பது? முழுப் பணமும் வராது, அப்பா அம்மா அங்கே தூங்கியிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அதே பின்கட்டடத்தை ‘தோட்ட அறை’ என்று 8,500 ரூபாய்க்கு அந்த ஹோட்டலே விற்கிறது! இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? வித்தியாசம் 5,500, இரண்டு இரவுக்கு 11,000, அதற்கு நீங்கள் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டி 1,980. ஆக 12,980 ரூபாய். அதோடு மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகையும் வழக்குச் செலவும் கேளுங்கள். பத்து லட்சம் என்று எழுதாதீர்கள். அந்த விலைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் அது மாறிவிடும்.

சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் போட்டது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 620-ஐயும் சேர்த்துக் கேளுங்கள்.

முதல் நாள் இரவு 7.40-க்கு மேலாளருக்கு ‘அப்பாவுக்கும் மாளிகையில்தானே புக் செய்தேன்’ என்று வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு நீலக் குறியும் விழுந்திருக்கிறது. உங்கள் வழக்கின் முதுகெலும்பு அதுதான். அந்த போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். அச்சிட்டுத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணையுங்கள். அதற்கு முன், 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ். பல ஹோட்டல்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வரும்.

விருந்தினர் புத்தகத்தில் எழுதியதை மறைக்காதீர்கள், அவர்கள் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். மனுவிலேயே நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: பரிமாறிய பையனின் பணிவுக்கும் நண்டுக் குழம்புக்கும்தான் ‘அருமை’ எழுதினேன், அறைக்கு அல்ல என்று.