300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் வேகச் சோதனை 94-ஐத் தாண்டாதது ஏன்?

வைஃபையை விட்டுவிட்டு, லேப்டாப்பைக் கேபிளால் ரவுட்டரில் இணைத்துச் சோதித்தும் 94-க்கு மேல் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஈத்தர்நெட் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குத் தேவை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடியே போதும் என்பதால், மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலோ முனையில் சரியாகப் பதியாவிட்டாலோ இரு கருவிகளும் எந்த எச்சரிக்கையும் தராமல் 100-க்கு இறங்கிவிடும். அதிலும் ஒவ்வொரு பாக்கெட்டுடனும் (தரவுத் துண்டுடனும்) சேர்ந்து போகும் முகவரி போன்ற தலைப்புத் தரவு போக மிஞ்சுவது ஏறத்தாழ 94 தான்.

விண்டோஸின் ஈத்தர்நெட் அமைப்புகளில் லிங்க் ஸ்பீட் 100/100 என்றிருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேட் 5இ வகைக் கேபிள் தாராளமாகப் போதும். கடையில் எடுத்துக்காட்டும் விலையுயர்ந்த ரகங்கள் இதற்கு வேண்டியதில்லை. மாற்றியும் 100 என்றே நின்றால், ரவுட்டரிலோ லேப்டாப்பிலோ உள்ள போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம்.

ஓஎன்டியும் (வீட்டுக்குள் வரும் ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ரவுட்டரும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும் வீடுகளில், அவற்றுக்கு இடையிலுள்ள சிறு கேபிளை யாரும் கவனிப்பதில்லை. பழுது அங்கே இருந்தால் லேப்டாப்பில் லிங்க் ஸ்பீட் 1000 என்றே காட்டும், சோதனை மட்டும் 94-இல் நிற்கும்.

எல்லா இடத்திலும் 1000 என்றான பிறகும் வேகம் குறைவாகவே இருந்தால், ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் ஒளி அளவைக் குறித்துக்கொண்டு சேவை நிறுவனத்தில் புகார் பதியுங்கள். அது -27 டிபிஎம்மை (ஒளியின் வலிமையைக் குறிக்கும் அலகு) நெருங்கியிருந்தால், அதாவது ஒளி மிகவும் பலவீனமாக இருந்தால், ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறதா, இணைப்பு முனை அழுக்கடைந்திருக்கிறதா என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும்.