குளிர்காலத்தில் குட்டைக் கெண்டை: கேள்வி பதில்

கேள்வி: கோடையில் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கெண்டை எடுத்த அதே குட்டைதான். இப்போது நாள் முழுக்க உட்கார்ந்தாலும் தக்கை அசையவில்லை. மீன் தின்பதையே விட்டுவிட்டதா?

பதில்: விடவில்லை, குறைத்துக்கொண்டது. மீனின் உடல் சூடு தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகிவிடும். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அந்தக் குடல் குளிரில் மெதுவாக வேலை செய்வதால் மறுபடி பசி எடுக்க நேரமாகும். அதைவிட முக்கியம், கோடையில் குட்டை முழுக்கச் சுற்றிய மீன் இப்போது ஒரு மூலையில் கும்பலாக ஒடுங்கி நிற்கும். நீங்கள் தூண்டில் போட்ட இடத்தில் மீனே இருந்திருக்காது என்பது என் சந்தேகம்.

கேள்வி: அந்த மூலை எது அண்ணா? ஆழமான இடம்தானே?

பதில்: நானும் அப்படி நம்பி இரண்டு குளிர்காலத்தை ஆழத்துக்கு எதிரே உட்கார்ந்தே வீணடித்தேன். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் மேலே உறைகிற குளிரிலும் பெரிய ஏரியின் அடியில் அந்த 4 டிகிரி தங்கும். ஆழம் என்ற பேச்சு அங்கே சரி. ஒன்றரை மீட்டர் குட்டையில் கொஞ்சம் காற்றடித்தாலே மேலும் கீழும் கலந்துவிடும். அங்கே வெயில் அதிக நேரம் விழும் கரை, குளிர்காற்று படாத பக்கம், நாணல் ஓரம், தண்ணீரில் சாய்ந்த மரம், இவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். வெப்பமானியை நூலில் கட்டி நாலைந்து இடத்தில் இறக்குங்கள். அரை டிகிரி கூடுதலாக இருந்தாலும் அங்கே உட்காருங்கள். அரை மணி நேரத்தில் ஒரு அசைவும் இல்லையென்றால் மூட்டையைக் கட்டி அடுத்த இடத்துக்குப் போங்கள். நாற்காலி கொண்டுபோகாதீர்கள், அதில் உட்கார்ந்தால் எழ மனசு வராது!

கேள்வி: இரை எவ்வளவு தூவலாம்?

பதில்: ஐந்தாறு சோள மணி, அல்லது பத்துப் புழு. அவ்வளவுதான். ஒரு கடி கிடைத்த பிறகு இன்னும் நாலு. கை நிறைய அள்ளி வீசினால் மீன் வயிற்றை நிரப்பிக்கொண்டு ஒதுங்கிவிடும், உங்கள் முள்ளில் இருப்பதைச் சீண்டாது. எண்ணெய்ப் பசை மிகுந்த உருண்டைகளைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் எண்ணெய் இறுகி மணம் பரவாது.

கேள்வி: தக்கை லேசாக நடுங்குகிறது. சுண்டி இழுத்தால் வெறும் முள்தான் வருகிறது.

பதில்: குளிரில் கெண்டை இரையைக் கவ்விக்கொண்டு ஓடாது, நின்ற இடத்திலேயே உறிஞ்சித் துப்பும். தடித்த தக்கை அதைக் காட்டாது. மெல்லிய தக்கை போட்டு, நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஈயத்தைச் சரிசெய்யுங்கள். முள் 16 அல்லது 18ஆம் எண், அதாவது சின்ன முள். பாசி அடங்கி நீர் தெளிந்திருக்கும், அதனால் தூண்டில் நரம்பும் மெல்லியதாக இருக்கட்டும். இன்னொரு விஷயம், நடுங்குவதெல்லாம் கடி அல்ல. கும்பலாக நிற்கும் மீனின் உடம்பு நரம்பில் உரசினாலும் தக்கை ஆடும். அப்படியென்றால் இடம் சரி என்று அர்த்தம். இரையை ஓரடி தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: விடியற்காலையில் போகலாமா?

பதில்: தூங்குங்கள். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை போதும்.

கேள்வி: பிடித்ததைத் திரும்ப விடுகிறவன் நான். பனி நாளில் கவனிக்க வேண்டியது?

பதில்: உறைபனிக் காற்று செவுளையும் கண்ணையும் சீக்கிரம் பாதிக்கும். பனி படிந்த தரையில் கிடத்தவே வேண்டாம். ஈரக் கையோடு பிடித்து, வலையை நீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றிவிடுங்கள். படம் எடுப்பதென்றால் கேமராவை முதலில் தயார் செய்துவிட்டு, அப்புறம் மீனைத் தூக்குங்கள்.