போஸ்ட்-பாக்: எதில் சேர்வது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்து வேலை பார்க்கிறாள். இப்போது டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்கிறாள். கல்லூரியில் அறிவியல் பாடமே எடுத்ததில்லை. எந்த போஸ்ட்-பாக் படிப்பில் சேர்க்கலாம்?
- வாசகி, நியூ ஜெர்சி

பதில்: பட்டம் முடித்தபின் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தயார்செய்யும் படிப்புதான் போஸ்ட்-பாக். இந்த ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. அறிவியல் படிக்காதவர்களுக்கு ஒன்று. படித்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவர்களுக்கு இன்னொன்று. உங்கள் மகளுக்கு முதல் வகை. பிரின் மார், கௌச்சர், ஸ்கிரிப்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கொலம்பியா ஆகியவை இதில் பெயர் பெற்றவை. பழைய ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) நன்றாக இருந்தால் இவற்றுக்குத் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

எடுக்கவேண்டிய பாடங்கள்: உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் ஒவ்வொன்றும் லேபுடன் ஒரு வருடம், பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 2015 முதல் உளவியலும் சமூகவியலும் சேர்ந்துவிட்டதால் அவற்றிலும் ஒவ்வொரு பாடம் எடுப்பது நல்லது.

காலத்தைத் தீர்மானிப்பது வேதியியல்தான். பொது வேதியியலின் இரண்டு பகுதிகளையும் முடிக்காமல் ஆர்கானிக் எடுக்க முடியாது. ஆர்கானிக் இல்லாமல் பயோகெமிஸ்ட்ரிக்குள் விடமாட்டார்கள். கோடையில் பொது வேதியியலை ஒரே மூச்சில் முடித்தால் மொத்தமும் ஏறக்குறைய ஒரு வருடத்தில் அடங்கும். செப்டம்பரில் தொடங்கினால் இரண்டு வருடம் ஆகும். முழுநேர வேலையை வைத்துக்கொண்டு லேபுள்ள மூன்று பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். இரண்டு போதும்.

சேர்க்கைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2028 மே மாதம் பாடங்கள் முடிந்து ஜூனில் விண்ணப்பித்தால் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது 2029 ஆகஸ்டில். நடுவில் வரும் இந்த வருடத்தை 'கிளைட் இயர்' என்பார்கள். சில போஸ்ட்-பாக் படிப்புகளுக்குக் குறிப்பிட்ட மருத்துவக் கல்லூரிகளோடு 'லிங்கேஜ்' ஒப்பந்தம் உண்டு. அதில் இந்த வருடம் மிச்சமாகும். ஆனால் ஜி.பி.ஏ., பெரும்பாலும் எம்கேட் இரண்டுக்கும் வரம்பு வைத்திருப்பார்கள், இடம் கிடைத்தால் அந்தக் கல்லூரிக்கே போவதாக வாக்கும் கேட்பார்கள். லிங்கேஜை நம்பி மட்டும் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: உயிரியலில் பட்டம் வாங்கினேன். மொத்த ஜி.பி.ஏ. 3.0, அறிவியலில் 2.8. போஸ்ட்-பாக் படித்தால் சரியாகிவிடுமா? அல்லது மாஸ்டர்ஸ் போகலாமா?
- வாசகர், மிச்சிகன்

பதில்: கணக்கைப் பார்த்துவிடுவோம். 120 கிரெடிட்டில் 3.0 என்றால் 360 புள்ளி. இன்னும் 32 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ (கிரெடிட்டுக்கு 4 புள்ளி) வாங்கினால் 128 புள்ளி கூடும். 488-ஐ 152-ஆல் வகுத்தால் 3.21. அவ்வளவு உழைத்தும் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அறிவியலில், 40 கிரெடிட்டுக்கு 2.8 என்று வைத்துக்கொண்டால், அதே 32 கிரெடிட் அதை 3.33-க்குத் தூக்கிவிடுகிறது. கடைசி வருடங்களில் ஏறுமுகம் தெரிவதும் தேர்வுக்குழுவின் கண்ணில் படும்.

பட்டத்துக்குப் பிறகு எடுக்கும் இளநிலைப் பாடங்களை, மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ், இளநிலை ஜி.பி.ஏ.வில் சேர்க்கும். மருத்துவக் கல்லூரியில் சேர விரும்புபவர்களுக்கான முதுநிலைப் படிப்பான 'ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்' பாடங்கள் முதுநிலைக் கணக்கில் தனியாக நிற்கும்; பழைய 2.8 அப்படியே இருக்கும். எனவே 3.0-ஐ ஒட்டி இருப்பவர்கள் முதலில் இளநிலைப் பாடங்களை எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. 3.3, 3.4 இருந்து, 'மருத்துவப் பாடத்தின் வேகத்தைத் தாங்குவாரா' என்ற சந்தேகத்தை மட்டும் போக்கவேண்டியவர்களுக்கு ஜார்ஜ்டவுன் போன்ற இடங்களின் ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் பொருந்தும். அங்கே பி வரிசை வாங்கினால் கதவு இன்னும் இறுகும். செலவும் அதிகம்.

ஒரே பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண் மறையாது. ஆம்காஸ் இரண்டையும் கணக்கில் எடுக்கும். சி வாங்கியதைத் திரும்பப் படிப்பதைவிட, மேல்நிலைப் பாடங்களான பிசியாலஜி, செல் பயாலஜி, ஜெனடிக்ஸ் எடுத்து ஏ வாங்குவது பல நேரங்களில் அதிகம் பேசும். சி மைனஸ், டி என்றால் பல கல்லூரிகள் ஏற்காது, திரும்ப எடுத்தே ஆகவேண்டும்.

கேள்வி: 'எங்கள் மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்' என்று விளம்பரம் செய்கிறார்களே, நம்பலாமா?
- வாசகர், கலிபோர்னியா

பதில்: எத்தனை பேரில் 90 சதவீதம் என்று கேளுங்கள். முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தவர்களிலா, அல்லது கமிட்டி கடிதம் (கல்லூரிக் குழு தரும் பரிந்துரைக் கடிதம்) கொடுத்து அனுப்பிய சிலரிலா? பாதியில் விலகியவர்களையும் கடிதம் மறுக்கப்பட்டவர்களையும் கழித்துவிட்டால் எந்த எண்ணும் அழகாகத்தான் தெரியும். கடிதத்துக்கு எவ்வளவு ஜி.பி.ஏ. வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: சென்னையில் பி.இ. படித்தேன், இப்போது கிரீன் கார்டு இருக்கிறது. போஸ்ட்-பாக் மட்டும் போதுமா?
- வாசகி, டெக்சாஸ்

பதில்: பெரும்பாலும் போதாது. இந்திய மதிப்பெண்ணை ஆம்காஸ் ஜி.பி.ஏ.வாக மாற்றுவதில்லை. அமெரிக்க அல்லது கனடியப் பட்டமோ, அங்கே 90 கிரெடிட் வரையிலோ கேட்கும் கல்லூரிகள் பல. அதற்குக் குறைவாகக் கேட்பவையும் உண்டு. எம்.எஸ்.ஏ.ஆர். என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் நிபந்தனையும் இருக்கும். நீங்கள் டெக்சாஸ் என்பதால், அங்குள்ள அரசுக் கல்லூரிகள் ஆம்காஸ் வழியாக அல்லாமல் டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற டெக்சாஸின் தனி விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பம் வாங்குவதையும் கவனியுங்கள். முதல் பாடத்துக்குப் பணம் கட்டுமுன், உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வெளிநாட்டுப் பட்டத்தோடு எத்தனை அமெரிக்க கிரெடிட் வேண்டும் என்று கேட்டு, பதில்களைச் சேமித்து வையுங்கள்.