மேசைக் கணினியில் கம்பி வழி இணையத்தை நாமே எண்களைப் பதித்து அமைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். புதிய ரௌட்டர் மாட்டிய பிறகு அலைபேசிகளில் இணையம் வருகிறது, கம்பி செருகிய கணினியில் மட்டும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதே நிலையில் நான் இருந்திருக்கிறேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் கணக்கு எழுதுகிறேன். ஒரு மழைநாளில் இடி இறங்கிப் பழைய ரௌட்டர் போய்விட, இணைப்புக் கொடுப்பவரின் ஆள் வந்து புதியதை மாட்டினார். கணினியில் இணையம் வராததைக் கண்டு, "லேன் போர்ட்டும் போயிருச்சுங்க, புதுக் கார்டு வாங்கிப் போட்டுக்கோங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அன்று மாலை காடாத் துணி ஏற்றிய லாரி வெளிமாநிலத்துக்குப் புறப்பட வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு, இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) இல்லாமல் அனுப்ப முடியாது. அலைபேசியிலேயே போட்டிருக்கலாமே என்பீர்கள். அன்று அப்படித்தான் அனுப்பினோம், ஆனால் பில்கள் எல்லாம் கணினியில் இருக்கும்போது தினமும் அதையே செய்துகொண்டிருக்க முடியாது.

முதலாளி கார்டு வாங்கப் பணத்தை எடுத்துவிட்டார். காலை வரை பொறுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் கம்பி செருகும் இடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போர்ட் செத்திருந்தால் அந்த விளக்கு எப்படி எரியும்?

கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்டு ஷேரிங் சென்டர், அதில் சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ், பிறகு ஈதர்நெட்டின் ப்ராப்பர்ட்டீஸ், அதற்குள் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4 என்று போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மாடியில் உள்ள இன்னொரு கணினி இதிலிருந்து கணக்கை எடுப்பதற்காக, மென்பொருள் நிறுவியவர் முன்பே 192.168.1.10 என்ற ஐபி எண்ணை, அதாவது வலையமைப்பில் கணினியின் முகவரியை, நிலையாகப் பதித்து, கேட்வே (வெளி இணையத்துக்குப் போகும் வாசல்) என்ற இடத்தில் பழைய ரௌட்டரின் 192.168.1.1 என்ற எண்ணையும் கொடுத்திருந்தார். என் அலைபேசியின் வைஃபை விவரத்திலோ கேட்வே 192.168.0.1 என்று இருந்தது. அதே பக்கத்தில் உள்ள சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால் கணினி எண்ணிலும் கேட்வே எண்ணிலும் முதல் மூன்று பகுதிகள் ஒத்திருக்க வேண்டும். இல்லாத பழைய ரௌட்டரையே கணினி தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

கணினிக்கு 192.168.0.5, கேட்வேக்கு 192.168.0.1 என்று மாற்றினேன். ரௌட்டருக்கு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் சோதனைச் செய்தி) போய் வந்தது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை, ஏனென்றால் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் இடத்திலும் பழைய எண்ணே இருந்தது. அங்கே கூகுளின் பொது டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8 என்று கொடுத்ததும் எல்லாம் திறந்தன. மறுநாளே எண் மோதல் என்று அறிவிப்பு வந்தது, 192.168.0.5 என்ற எண்ணை ரௌட்டர் யாருடைய அலைபேசிக்கோ தானாகக் கொடுத்திருந்தது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி வரம்பை, அதாவது ரௌட்டர் தானாகக் கொடுக்கும் எண்களின் கடைசிப் பகுதியை, 100 முதல் 199 வரை என்று மாற்றி, கணினிக்கு 200 என்று முடியும் எண்ணைக் கொடுத்து, மாடிக் கணினி கணக்கை எடுக்கத் தேட வேண்டிய எண்ணாகவும் அதையே அங்கே பதித்த பிறகு இன்றுவரை தொந்தரவு இல்லை. கார்டு வாங்கவே இல்லை.

தானியங்கியாக விட்டால் போதாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வீட்டில் ஒரே கணினி என்றால் அதுவே சரி. "அப்டெய்ன் ஆன் ஐபி அட்ரஸ் ஆட்டோமேட்டிக்கலி" என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஆனால் பெட்டி மாட்ட வருபவர்கள் கேட்வே எண்ணையும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பானால் அவற்றையும், ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தானியங்கியாக விட்ட பிறகும் கணினியின் எண் 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து எண்ணே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது முதலில் கம்பியைக் கழற்றி, முனையிலுள்ள பஞ்சைத் துடைத்து, ரௌட்டரின் வேறொரு துளையில் செருகிப் பாருங்கள்.