மூன்றாவது தவணையைத் தொடங்காதீர்கள்

கேள்வி: வரும் விடுமுறை வார இறுதியில் அப்பா, அம்மா, மனைவி, ஒன்றே முக்கால் வயது மகள் எல்லோருமாக ஒரு பெருநகரத்துக்குப் போய் மூன்று இரவு தங்கிவர நினைக்கிறோம். மகளுக்கு 2 வயது ஆவதற்குள் போனால் விமானத்தில் அவளுக்குத் தனி இருக்கை வாங்க வேண்டாம் என்பதால் அவசரப்படுகிறேன். முந்தைய இரண்டு பயணங்களுக்கான கார்டு தவணை இன்னும் ஓடுகிறது. போன மாதம் கார்டு பில்லில் குறைந்தபட்சத் தொகை மட்டும்தான் கட்ட முடிந்தது. அப்பா பாதிச் செலவை ஏற்கிறேன் என்றார். ஓய்வுபெற்றவரிடம் வாங்க மனம் வராமல் மறுத்துவிட்டேன். இந்தப் பயணச் செலவையும் கார்டிலேயே தவணையாக மாற்றலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா, இல்லை செயலிகளில் வரும் ‘வட்டியில்லாத் தவணை’ நல்லதா?

பதில்: மூன்றும் வேண்டாம். எந்தக் கடன் மலிவு என்பதல்ல உங்கள் பிரச்சினை. ஒரு பயணத்தின் தவணை முடிவதற்குள் அடுத்த பயணத்துக்குத் தவணை தொடங்கிவிடுகிறீர்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கும்போது ‘மாதம் இவ்வளவுதானே’ என்று தோன்றும். மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

நான் எழுதிப் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய தொகைகளை வெளியிடாமல், கையில் வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். முதல் பயணம் 50, அடுத்தது 60, இப்போது திட்டமிடுவது 70. ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, 12 மாதத் தவணை என்று கொண்டால், முதலாவதுக்கு மாதம் 4.6, இரண்டாவதுக்கு 5.5, மூன்றாவதுக்கு 6.4. மொத்தம் 16.5. இந்தப் பயணங்களுக்கு முன்பு மாதம் 15 சேமித்து வந்தோம், இப்போது 5 தேறினால் பெரிது என்று எழுதியிருக்கிறீர்கள். காணாமல் போன 10 எங்கே என்று தேட வேண்டாம், முதல் இரண்டு தவணைக்குத்தான் அது போகிறது. மூன்றாவதும் சேர்ந்தால் அந்த 15-ம் போதாது. மளிகையும் டயப்பரும் கார்டில் ஏறும். மூன்று பயணத்துக்கும் சேர்த்து வட்டி மட்டும் 18 வருகிறது, அதாவது ஐந்தரை நாள் சம்பளம்.

குறைந்தபட்சத் தொகை கட்டியது இதைவிடக் கவலைக்குரியது. பில்லை முழுதாகக் கட்டாவிட்டால், வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை பொதுவாகப் புதிய செலவுகளுக்கும் போய்விடும். நேற்று வாங்கிய பால் பவுடருக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முதலில் அந்தப் பாக்கியைச் சேமிப்பிலிருந்து எடுத்தாவது முடியுங்கள்.

‘வட்டியில்லாத் தவணை’ பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரே தடவையில் கட்டுபவருக்குத் தரும் தள்ளுபடி தவணைக்காரருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. போதாததற்கு பிராசஸிங் கட்டணம் வேறு. வட்டி என்ற பெயரில் வாங்காததை வேறு பெயரில் வாங்கிக்கொள்கிறார்கள். பயணப் புள்ளிகள் தரும் கார்டும் அப்படித்தான். மாதாமாதம் பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்கு அது லாபம். உங்கள் நிலையில், நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ புள்ளியாக வாங்கிக்கொண்டு பத்தை வட்டியாகக் கொடுப்பீர்கள்.

சரி, அவசரத்துக்குச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். 2 வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள விமான நிறுவனங்கள் அனுமதிப்பது உண்மைதான். உங்கள் பட்டியலில் நான்கு பேருக்கான விமானக் கட்டணம் 20. ஆகவே ஒரு இருக்கை 5. அந்த 5-ஐ மிச்சம் பிடிக்க 70 கடன் வாங்கினால் வட்டி 7. விடுமுறை நாள் விலையை நான் இன்னும் இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை.

அந்த விலைதான் வேடிக்கை. போகும் ஐந்து பேரில் மூன்று பேருக்கு விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. அப்பா, அம்மா இருவரும் ஓய்வில் இருக்கிறார்கள், மகளுக்குக் கிழமையே தெரியாது. உங்களுக்கும் மனைவிக்கும் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தால் போதும். அடுத்த வாரத்து நடு நாட்களில் அதே விடுதியும் விமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று நீங்களே பார்த்து எழுதியிருக்கிறீர்கள். ஊரே கிளம்பும் நாளில்தான் போவேன் என்று ஏன் பிடிவாதம்?

அப்புறம், ஊரின் சுற்றுலா இடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்கும் அந்த மூன்று நாள் நகரப் பாஸ். பட்டியலில் 12 அதற்குத்தான். ஒரு நாளில் நாலைந்து இடம் பார்ப்பவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். உங்கள் மகள் பகல் ஒன்று முதல் மூன்று வரை தூங்குகிறாள், அம்மாவுக்கு மாடிப்படி ஆகாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதற்குமேல் உங்களால் முடியாது. பல இடங்களில் சிறு குழந்தைக்குக் கட்டணமே இல்லை, முதியவருக்குச் சலுகை உண்டு. தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் 4-க்குள் முடித்துவிடலாம். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை, லிப்ட் உள்ள, ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற விடுதிக்குக் கொடுங்கள். வயதானவர்களோடு போகும்போது அந்தச் செலவு வீண் போகாது.

என் யோசனை இதுதான். நான்கு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் முதல் பயணத்தின் தவணை முடிகிறது. வார நடுவில் இரண்டு இரவு, மகளுக்குத் தனி இருக்கை, பாஸ் இல்லை, சாப்பாட்டுக்கு 9 என்று போட்டால் மொத்தம் 40-ஐ ஒட்டி நிற்கும். அதில் பாதியை அப்பா தரட்டும். மாதம் மிஞ்சும் 5-ஐ இதற்கென்று தனிக் கணக்கில் போட்டுவந்தால் உங்கள் பங்கு 20 தயாராக இருக்கும்.

அப்பாவிடம் வாங்கக் கூச்சம் என்கிறீர்கள். அவரிடம் வட்டியில்லாமல் வாங்க மறுத்துவிட்டு, வங்கியிடம் 18 சதவீதத்துக்குக் கைநீட்டுகிறீர்கள். பேத்தியோடு ஊர் சுற்ற அவருக்கும் ஆசை இருக்கிறது, ஓய்வூதியமும் வருகிறது. ரொக்கமாக வாங்கச் சங்கடமாக இருந்தால், விடுதி முன்பதிவை அவர் பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கிறீர்கள் என்றால் விலையைப் பார்ப்பதற்கு முன்பு, ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பகுதியைப் படியுங்கள். அப்பாவின் சர்க்கரை நோயை மறைத்து எடுத்த பாலிசி, ஆஸ்பத்திரி பில் வரும்போது கைகொடுக்காது. பிறகு அந்தப் பில்லும் கார்டுக்குத்தான் வரும்.