ஊழியர் வேன்: மிச்சக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: தக்கலையிலுள்ள எங்கள் மருத்துவமனை ஊழியர்களுக்கு நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வேன் விட்டால் பைக்கும் காரும் குறைந்து, ஆண்டுக்குப் பல இலட்சம் மிச்சமாகும் என்று ஓர் ஆலோசகர் அறிக்கை தந்திருக்கிறார். நம்பலாமா?

பதில்: கடைசிப் பக்கத்துத் தொகையை விடுங்கள். வேனில் ஏறப்போகிறவர்கள் இன்று எதில் வருகிறார்கள் என்று கேளுங்கள். பெயர் கொடுத்த 100 பேரில் 80 பேர் ஏற்கெனவே பேருந்தில் வருகிறவர்கள் என்று வைத்துக்கொண்டால், சாலையில் குறையக்கூடியவை மிஞ்சினால் 20 வண்டிகள்தான். ஆனால் இத்தகைய அறிக்கைகள் 100 பேரையும் தூரத்தாலும் வேலை நாட்களாலும் பெருக்கிவிடுகின்றன. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லாததால், அவற்றில் வரும் செவிலியர் வேனுக்கு மாறினால் அவருக்குப் பணமும் மிச்சமில்லை, சாலையில் வண்டியும் குறைவதில்லை. உங்கள் செலவு மட்டும் கூடும்.

இரவுப் பணி இதற்கு விதிவிலக்கு. கடைசிப் பேருந்து போன பிறகு வீடு திரும்ப வேண்டியவருக்கோ, அதற்காகவே இரவுப் பணியை மறுப்பவருக்கோ, வண்டி எண்ணிக்கையை வைத்து வேனின் பயனை அளக்க முடியாது. ஆள் கிடைப்பதும் பாதுகாப்பும் அங்கே உண்மையான ஆதாயங்கள். எனவே இரவு வேனைத் தனிக் கணக்காக எழுதுங்கள். அதன் நியாயத்தைக் காட்டிப் பகல் வேனை விற்க இடம் கொடுக்காதீர்கள்.

பெட்ரோல் மிச்சம் ஊழியருடையது. உங்களுக்குக் கிடைப்பது, கார் ஒன்றுக்குச் சுமார் 12 சதுர மீட்டர் நிறுத்துமிடம். பெட்ரோல் மிச்சத்தையும் சேர்த்து மருத்துவமனையின் வரவில் எழுதுவது தவறு. அறிக்கை எழுதியவரே வேன் ஒப்பந்தக்காரரையும் அழைத்து வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்: காலியாக ஓடினாலும் குறைந்தபட்சக் கிலோமீட்டருக்குப் பணம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தின் மூலையில் இருக்கும்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரிலேயே நெரிசல் கட்டணத்தை (நெரிசலைக் குறைக்க, நகருக்குள் வரும் வண்டிகளிடம் வாங்கும் கட்டணம்) 2006-ல் ஏழு மாதம் சோதித்துப் பார்த்த பிறகுதான் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நீங்களும் மூன்று மாதம் சோதியுங்கள்; ஆனால் இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், ஜூன் மாத எண்ணிக்கையை ஜனவரியோடு ஒப்பிட்டால் மழையின் விளைவு வேனின் பெயரில் ஏறிவிடும்.

பணி மாறும் நேரத்தைப் பள்ளி நேரத்திலிருந்து அரை மணி தள்ளி வைக்கப் பெரிய செலவில்லை. தரகு கிடைக்காததால் எந்த அறிக்கையும் அதைச் சொல்வதில்லை. மேம்பாலத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் அமைப்பில், ஒரு பேருந்தின் நேரத்தைப் பத்து நிமிடம் மாற்றக் கேட்கும் மனு மேசை மேசையாக அலைகிறது என்பதால், புதிய பணி நேரத்துக்கு ஏற்பப் பேருந்து நேரத்தை மாற்றக் கேட்கும் மனுவை இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் இப்போது எதில் வருகிறார் என்ற பட்டியல் கைக்கு வரும்வரை ஆலோசகருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.