அம்மா அடையாளம் காணாத குரல்

அன்புள்ள அக்கா,

எனக்கு 29 வயது. சொந்த ஊர் வவுனியா. ஆறு வருடமாகக் கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை செய்கிறேன். வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் இருக்கிறேன். 2021 ஊரடங்கு நேரம் பொழுது போகாமல் சாறி கட்டுகிற வீடியோக்களை இன்ஸ்டகிராமில் போடத் தொடங்கினேன். அப்புறம் டிக்டொக்கிலும் போட்டேன். இப்போது சனி, ஞாயிறுகளில் கலியாண மேக்கப்புக்கும் சாறி கட்டிவிடவும் போகிறேன். வாடகையில் பாதியும் தம்பியின் படிப்புச் செலவும் அதிலிருந்துதான் போகின்றன.

ஆரம்பத்தில் வீட்டில் கதைக்கிற மாதிரியேதான் வீடியோவிலும் கதைத்தேன். ஒருநாள் விளையாட்டாக இந்தியத் தொலைக்காட்சித் தொகுப்பாளினிகள் மாதிரிப் பேசிப் போட்டேன். நினைத்தே பார்க்காத அளவுக்கு அது ஓடியது. அன்றிலிருந்து அந்தப் பேச்சுத்தான். வெளிச்சம் நல்லது என்று மரைன் டிரைவில் சிநேகிதியின் வீட்டில் வைத்து எடுப்பேன். பின்னால் கடல் தெரியும். "அக்கா, உங்கட வீடு நல்ல வடிவு" என்று ஒரு பிள்ளை கொமென்ட் போட்டிருந்தாள். என் வீடு இல்லை என்று எழுதப்போய், எழுதாமல் ஒரு ஹார்ட் மட்டும் போட்டுவிட்டேன். இப்போது எல்லோரும் அதை என் வீடு என்றே நினைக்கிறார்கள். என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில்தான் தெரியும்.

போன மாதம் ஒரு மணப்பெண் ட்ரயலுக்கு வந்தாள். அவளுடைய வீடு வவுனியா குருமன்காட்டில், எங்கள் ஊர் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். கண்ணுக்கு மை போட்டுக்கொண்டிருக்கும்போது "அக்கா, நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டாள். "ம், அம்மாட பக்கம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கை நடுங்கி, கோடு இரண்டு தரம் பிசகியது.

அதே கிழமை அம்மாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினேன். அம்மா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தா: "வடிவாக் கட்டியிருக்கிறாய் பிள்ளை. அதில கதைக்கிறது ஆர்?" வேறு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறா. மூன்று கிழமையாகியும் நான் பதில் போடவில்லை. இரவில் சரியாக நித்திரை இல்லை. பழையபடி மாறினால் வேலை குறைந்துவிடுமோ என்று பயம். இப்படியே போனால் நான் யார் என்பதே எனக்கு மறந்துவிடும் போல இருக்கிறது. என்ன செய்ய?

ஒரு சகோதரி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

பேச்சு, வீடு, அம்மாவின் பக்கம். இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருக்கிறீர்கள். அவிழ்த்துப் பார்த்தால் மூன்றும் ஒரே பாரம் இல்லை.

முதலில் பேச்சு. கொழும்பில் இருக்கிற தமிழருக்கு ஒரு பேச்சோடு நாள் முடிவதில்லை. ஓட்டோக்காரரிடம் சிங்களம், வேலையிடத்தில் ஆங்கிலம், செட்டியார் தெரு நகைக்கடையில் ஒரு தமிழ், ஊருக்குப் போன் எடுத்தால் இன்னொரு தமிழ். இதை யாரும் நடிப்பு என்று சொல்வதில்லை. குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகொட், 1960இல் உண்மைச் சுயம், பொய்ச் சுயம் என்று இரண்டைப் பற்றி எழுதினார். பொய்ச் சுயத்தை அவர் முழுக்கக் குற்றமாகப் பார்க்கவில்லை. நாலு பேரோடு மரியாதையாகப் பழக எல்லோருக்கும் அதில் கொஞ்சம் வேண்டும், உள்ளே இருப்பதை அது காப்பாற்றவும் செய்கிறது என்றார். அதுவே முழு ஆளாகிவிடும்போதுதான், வெளியில் எல்லாம் நன்றாக நடந்தாலும் உள்ளே வெறுமை வருகிறது. மறந்துவிடும் போல இருக்கிறது என்று நீங்கள் எழுதிய வரியை அந்த வெறுமையின் தொடக்கமாகவே நான் எடுக்கிறேன். இந்த இடத்தில் நீங்கள் கடிதம் எழுதியது நல்லது.

ஆகவே தொகுப்பாளினி மாதிரிப் பேசியது பொய் இல்லை. வீட்டுக்குப் போட்ட ஹார்ட் ஒரு சின்னப் பொய். மணப்பெண்ணிடம் சொன்னது, நேருக்கு நேர் சொன்ன பொய். உங்கள் கை நடுங்கியது அதற்குத்தான். அந்த நடுக்கத்தை நான் நல்ல அறிகுறியாகப் பார்க்கிறேன்.

சமூக ஊடகத்தில் இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆலிஸ் மார்விக், டானா பாய்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டுவிட்டர் பாவிப்பவர்களைப் பற்றி 2011இல் எழுதிய கட்டுரையில், வாழ்க்கையில் தனித்தனியாக இருக்கிற கூட்டங்கள் அங்கே ஒன்றின்மேல் ஒன்று சரிந்துவிடுவதை விளக்கினார்கள். உங்கள் மனேஜர், குருமன்காட்டுப் பிள்ளை, சென்னையில் யாரோ ஒருவர், அம்மா, எல்லோரும் மணவறைக்கு முன்னால் ஒரே வரிசையில் இருந்து பார்க்கிற மாதிரி. எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு முகத்தைத் தேடித்தான் நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். அப்படி ஒரு முகம் இல்லை. இவர்களில் யார் திடீரென்று கதவைத் திறந்து உள்ளே வந்தாலும், கமராவை நிறுத்தாமல் தொடர்ந்து கதைக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம். மணப்பெண்ணுக்குக் கலியாணத்துக்கு முன்னால் போன் எடுங்கள். "அன்றைக்கு நீங்கள் கேட்டதுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன் தங்கச்சி, நானும் வவுனியாதான்." இவ்வளவு போதும், நீண்ட விளக்கம் வேண்டாம். அவள் ஒரு கணம் யோசிப்பாள். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைப் பற்றி அடுத்த வீடியோவில் ஒரு வரி: "இது என் சிநேகிதியின் வீடு." பழையவற்றை அழிக்க வேண்டாம். இடைக்கிடை உங்கள் அறையிலும் எடுத்துப் பாருங்கள். அந்த மதில் வெள்ளையடித்ததாக இருந்தால், அதில் பட்டு வருகிற வெளிச்சம் மென்மையாக இருக்கும். கொய்யக மடிப்புகள் தெளிவாகத் தெரியும்.

பேச்சை ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. கொய்யகம் பிடிக்கிற பகுதியில் மட்டும் உங்கள் ஊர்ப் பேச்சில் கதையுங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகவே வீட்டுத் தமிழுக்குப் போய்விடும். வேலை குறையாது என்று என்னால் உறுதி தர முடியாது. பார்க்கிறவர்கள் கொஞ்சம் குறையலாம். ஆனால் உங்கள் வாடகையைக் கட்டுவது பார்வை எண்ணிக்கையா, ஓர்டரா? ஒரு கொப்பியில் இந்த வருட ஓர்டர்களை எழுதி, ஒவ்வொருவரும் எந்த ஊர், யார் சொல்லி வந்தார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். ஒரு வீடியோ ஓடி அடுத்தது ஓடாமல் போகிற அந்த நிச்சயமின்மைதான் மனதைத் திரும்பத் திரும்ப போனுக்கு இழுக்கிறது. லைக் எண்ணிக்கையை மறைத்துவைக்கிற வசதியை இன்ஸ்டகிராம் 2021இலேயே கொண்டுவந்தது. கொஞ்ச நாளைக்கு மறைத்துவையுங்கள்.

இன்னொன்று. இனி உண்மையாக இருக்கப்போகிறேன் என்று அழுது ஒரு வீடியோ போட்டுவிடாதீர்கள். தம்பியின் கட்டணத்தையோ வீட்டுக் கஷ்டத்தையோ சபைக்குக் கொண்டுவரத் தேவையில்லை. அவை தம்பியுடைய கதையும்தான். சொல்லாமல் விடுவது உங்கள் உரிமை.

இவற்றைச் செய்தும் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை வராவிட்டால், நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

அம்மாவின் கேள்வி மூன்று கிழமையாகப் போனில் கிடக்கிறது. இதை வாசித்து முடித்ததும் அதற்குப் பதில் போடுங்கள். எழுத வேண்டாம், குரலிலேயே அனுப்புங்கள். "அது நான்தான் அம்மா" என்று தொடங்குங்கள்.

அன்புடன்,
அக்கா